முதன்முறையா தனியா ஒரு பயணம்: கோட்டக்குப்பத்தில் இருந்து பஸ், ரயிலிலேயே 4 நாள் சுற்றி வருவது எப்படி? முழு விவரம்

"தனியாவா? யார் கூட வர்றா? எங்க தங்குவ?" முதன்முறையாகத் தனியாகப் பயணம் போக நினைக்கும் எவருக்கும் வீட்டில் விழும் முதல் மூன்று கேள்விகள் இவைதான். பிரான்சுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய் வரும் குடும்பங்கள் இருக்கும் கோட்டக்குப்பத்திலும் நிலைமை இதுதான். விமானத்தில் தனியாகப் போய்விட்டு வந்தவர்கூட, பஸ் ஏறி நாலு ஊரைத் தனியாகச் சுற்றிப் பார்க்கணும் என்றால் யோசிப்பார்.

அந்தக் கேள்விகள் தப்பானவை அல்ல. அவற்றுக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைப்பதற்குப் பெயர்தான் திட்டமிடல். சொந்த வண்டி, டிராவல்ஸ் வேன், டூர் பேக்கேஜ் எதுவும் இல்லாமல், அரசு பஸ்ஸையும் பயணிகள் ரயிலையும் மட்டும் நம்பி கோட்டக்குப்பத்தில் கிளம்பி, கோட்டக்குப்பத்துக்கே திரும்பி வரும் 4 நாள் பயணத்தை எப்படித் திட்டமிடுவது? விரிவாகப் பார்க்கலாம்.

என்ன ரூட்?

கோட்டக்குப்பம் - மரக்காணம் - ஆலம்பரை - மாமல்லபுரம் - செங்கல்பட்டு - திண்டிவனம் - திருவண்ணாமலை - செஞ்சி - திண்டிவனம் - புதுச்சேரி - கோட்டக்குப்பம். மொத்தம் சுமார் 360 கி.மீ.

கடற்கரை, உப்பளம், மலைக்கோட்டை, கோயில் நகரம் என நாலு வகையான ஊர்களும் இந்த ஒரே சுற்றில் வந்துவிடும். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்கள் இரண்டு வழியிலேயே இருக்கின்றன. ஒன்று 1984-ல் பட்டியலில் சேர்ந்த மாமல்லபுரம். மற்றொன்று, மராத்தியர்களின் 12 கோட்டைகளில் ஒன்றாக 2025 ஜூலையில் சேர்க்கப்பட்ட செஞ்சி. அந்த 12-ல் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான்.

இன்னொரு வசதியும் உண்டு. இந்த ரூட்டில் எந்த இடத்தில் "போதும், வீட்டுக்குப் போயிடலாம்" என்று தோன்றினாலும், பகல் நேரத்தில் பஸ் பிடித்தால் அன்றைக்கே புதுச்சேரி வந்துவிடலாம். முதல் பயணத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

முதல் விதி: கடைசி பஸ்ஸில் இருந்து திட்டம் போடுங்க

முதன்முறை போறவங்க செய்யும் பொதுவான தப்பு, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் இருந்து ஆரம்பிப்பது. காலையில் இது, மதியம் அது, சாயங்காலம் இன்னொன்று என எழுதிக்கொண்டே போனால், இருட்டும் நேரத்தில் எங்கே நிற்போம் என்பது கடைசி வரை தெரியாது.

இதைத் தலைகீழாகப் போட வேண்டும். "இன்று இருட்டும்போது நான் எங்கே இருப்பேன்? அந்த ஊருக்குப் போக கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்ற கேள்விதான் முதலில். அதற்கு முந்தைய பஸ்ஸையே உங்களுடைய கடைசி பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தவறவிட்டாலும் இன்னொன்று கையில் இருக்கும். மிச்சம் இருக்கும் நேரத்தில் எத்தனை இடம் பார்க்க முடியுமோ அத்தனை போதும்.

இது நம்ம ஊருக்கு மட்டுமான விதி இல்லை. ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியமில் இருந்து ரயிலில் மல்லெய்க் போய், அங்கிருந்து படகு ஏறி ஸ்கை தீவுக்குப் போகலாம். ரயில், சில பஸ்கள், படகுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஸ்பிரிட் ஆஃப் ஸ்காட்லாந்து' என்ற ஒரே பாஸ் அங்கே கிடைக்கும். ஆனால் மலைப்பகுதியிலும் தீவுகளிலும் வண்டிகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. பாஸ் கையில் இருந்தாலும் கடைசி பஸ் போனால் போனதுதான். நம்ம ரூட்டில் அப்படி ஒரே பாஸ் கிடையாது. ஆனால் ஈசிஆரில் அடிக்கடி பஸ் உண்டு. அந்த வகையில் கோட்டக்குப்பத்துக்காரர்களுக்கு வேலை சுலபம்.

கிளம்பும் முன் ஒரு ஒத்திகை

நேரடியாக 4 நாள் பயணம் வேண்டாம். அதற்கு ஒரு வாரம் முன்பு, மரக்காணத்துக்கு மட்டும் தனியாகப் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குள் திரும்புங்கள். கோட்டக்குப்பத்தில் இருந்து ஈசிஆர் வழியாகச் சுமார் 30 கி.மீ. தூரம்தான்.

இந்த அரை நாளில் தெரிய வேண்டியவை நாலு. பை எவ்வளவு கனக்கிறது? போன் சார்ஜ் எவ்வளவு இறங்குகிறது? தெரியாத ஆளிடம் வழி கேட்க முடிகிறதா? வீட்டில் இருப்பவர்கள் எத்தனை முறை போன் செய்கிறார்கள்? கடைசி கேள்வி சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் 4 நாள் பயணத்தில் அதுதான் பெரிய விஷயமாகிவிடும்.

நாள் 1: உப்பளத்தில் விடியல்

அதிகாலை பஸ். உப்பளத்தில் வேலை வெயில் ஏறுவதற்கு முன்பே நடக்கும் என்பதால் எட்டு, ஒன்பது மணிக்குப் போனால் பாதிக் காட்சி முடிந்திருக்கும். பாத்திகளில் உவர்நீரைத் தேக்கி, வெயிலில் காயவிட்டு, படியும் உப்பை வாரிக் குவிப்பதுதான் இங்கே நடக்கும் வேலை. கோடை மாதங்கள்தான் உச்ச பருவம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாத்திகளில் மழைநீர் நிற்கும், உற்பத்தி இருக்காது.

உப்பளம் சுற்றுலாத் தலம் அல்ல, வேலை செய்யும் இடம். வரப்பில் இறங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். மண் வரப்பு மிதிபட்டு உடைந்தால் ஒரு பாத்தியே வீணாகும். ஆட்களைப் படம் எடுப்பதற்கும் இதே மரியாதை வேண்டும்.

ஊருக்குள் சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட பூமீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஆந்திராவில் இருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் மரக்காணத்தில்தான். 2021 டிசம்பரில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி சதுப்புநிலம் பக்கத்திலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும். ஆனால் அது 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த ஏரி. சொந்த வண்டி இல்லாமல், தனியாக, முதல் பயணத்திலேயே உள்ளே போவதைத் தவிர்க்கலாம்.

மரக்காணத்தில் இருந்து மீண்டும் ஈசிஆர் பஸ். சுமார் 15 கி.மீ. தாண்டி கடப்பாக்கத்தில் இறங்கினால், ஆலம்பரை கோட்டைக்கு ஆட்டோவில் போகலாம். முகலாயர் காலத்துக் கோட்டை இது. 1750-ல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கைமாறி, 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இன்று கழிமுகத்தை ஒட்டி இடிந்த சுவர்கள் நிற்கின்றன. ஆட்டோவை "வெயிட்டிங்"கோடு பேசி, திரும்பி வருவதற்கும் சேர்த்தே வாடகையை முடித்துக்கொள்வது நல்லது. கோட்டை வாசலில் திரும்பி வர ஆட்டோ நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அங்கிருந்து மாமல்லபுரம் சுமார் 50 கி.மீ. ஒரு விஷயம் கவனம்: ஈசிஆர் எக்ஸ்பிரஸ் பஸ்கள் பெரும்பாலும் ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து ஆட்டோவில் ஊருக்குள் போகணும். எனவே மாலை 5 மணிக்குள் இறங்கும்படி திட்டம் போடுங்கள். நவம்பர், டிசம்பரில் 5.45 மணி வாக்கிலேயே இருட்ட ஆரம்பித்துவிடும்.

நாள் 2: எங்கேயும் ஓட வேண்டாம்

முழு நாளும் மாமல்லபுரம். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, குகைக் கோயில்கள் எல்லாமே நடக்கிற தூரம்தான், அதிகபட்சம் ஒரு ஆட்டோ. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட் என்பதால் முதல் இடத்தில் வாங்கியதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தனியாகப் போறவங்களுக்கு இரண்டாவது நாள்தான் சோர்வு வரும். பேச்சுத் துணை இல்லாதது அப்போதுதான் உறைக்கும். அன்றைக்கு ஊர் மாற்றாமல் ஒரே அறையில் இரண்டு இரவு தங்குவது அதற்காகத்தான். துணி துவைக்கலாம், மதியம் தூங்கலாம். அதுவும் பயணம்தான்.

நாள் 3: கடலை விட்டு மலைக்கு

இன்று வண்டி மாறுவதுதான் வேலை. மாமல்லபுரத்தில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியாக செங்கல்பட்டுக்குச் சுமார் 30 கி.மீ. பஸ். செங்கல்பட்டில் இருந்து திண்டிவனத்துக்கு ரயில். திண்டிவனத்தில் இருந்து செஞ்சி வழியாக திருவண்ணாமலைக்கு பஸ், சுமார் 65 கி.மீ.

செஞ்சியைத் தாண்டும்போது பஸ் ஜன்னலில் இருந்தே மலைக்கோட்டை தெரியும். இறங்கத் தோன்றும், இறங்க வேண்டாம். உச்சி வெயிலில் பையோடு மலை ஏறுவது தனி ஆளுக்குச் சரிவராது. மாலைக்குள் திருவண்ணாமலை போய்ச் சேருவதுதான் இன்றைய இலக்கு.

கிளம்பும் முன் காலண்டரைப் பாருங்கள். பௌர்ணமி அன்று 14 கி.மீ. கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். அறையும் கிடைக்காது, பஸ்ஸிலும் நிற்க இடம் இருக்காது. கிரிவலமே நோக்கம் என்றால் வேறு. இல்லையென்றால் முதல் பயணத்தில் பௌர்ணமியையும் கார்த்திகை தீபத்தையும் தவிர்ப்பது நல்லது.

நாள் 4: செஞ்சி ஏறி, வீடு திரும்புதல்

விடியற்காலை பஸ்ஸில் செஞ்சி. பஸ் ஸ்டாண்டில் இருந்து கோட்டை சுமார் 2 கி.மீ. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளை இணைத்துக் கட்டிய கோட்டை இது. 1677-ல் சிவாஜி பிடித்தார். முகலாயப் படை பல ஆண்டுகள் முற்றுகையிட்ட பிறகே 1698-ல் கைப்பற்ற முடிந்தது. ஆலம்பரையைப் போலவே இதுவும் 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். தண்ணீர் கட்டாயம். குரங்குகள் உண்டு, அதனால் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுப் போகக் கூடாது. முழங்கால் வலி இருப்பவர்கள் கிருஷ்ணகிரியோடு நிறுத்திக்கொள்ளலாம். தனியாக இருப்பதால் உச்சி வரை ஏறியே தீரணும் என்று யாரும் தள்ள மாட்டார்கள். தனிப் பயணத்தின் நிம்மதியும் அதுதான்.

மதியம் செஞ்சியில் இருந்து திண்டிவனம் வழியாக புதுச்சேரி. அங்கிருந்து கோட்டக்குப்பம். இருட்டும் முன் வீடு.

ஈசிஆரா, பைபாஸா? இதைக் கேட்காமல் ஏறாதீங்க

இந்தப் பகுதியில் வெளியூர்க்காரர்கள் மட்டுமல்ல, உள்ளூர்க்காரர்களும் ஏமாறும் இடம் இது. சென்னை - புதுச்சேரி பஸ்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஈசிஆர் வழி. இது மாமல்லபுரம், மரக்காணம், கோட்டக்குப்பம் வழியாக வரும். மற்றொன்று திண்டிவனம் பைபாஸ் வழி. இது மரக்காணம் பக்கமே வராது. இரண்டிலும் போர்டில் 'புதுச்சேரி' என்றுதான் இருக்கும். ஏறும்போதே "ஈசிஆர் வழியா போகுமா, கோட்டக்குப்பத்துல நிக்குமா?" என்று இரண்டையும் கேட்டுவிடணும். எல்லா எக்ஸ்பிரஸ்ஸும் எல்லா ஊரிலும் நிற்காது.

மாமல்லபுரம் - புதுச்சேரி இடையே நான்குவழிச் சாலைப் பணிகளால் சில இடங்களில் பஸ் நிற்கும் இடம் மாறியிருக்கலாம். பழைய நிறுத்தத்தில் நின்று பஸ்ஸை விட்டுவிடாமல், பக்கத்துக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

டிக்கெட், பணம்: கவனிக்க வேண்டியவை

* பெண்களுக்கான 'விடியல் பயணம்' 2021 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழக அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மட்டும் இலவசம். எக்ஸ்பிரஸ், வெளியூர் பஸ், தனியார் பஸ், புதுச்சேரி அரசு பஸ் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது.

* முன்பதிவில்லா ரயில் டிக்கெட்டை கவுன்டரிலோ 'ரயில்ஒன்' செயலியிலோ எடுக்கலாம். இது போன்ற குறைந்த தூர டிக்கெட்டுக்கு நேர வரம்பு உண்டு. காலையில் எடுத்து மாலையில் ஏற முடியாது.

* எந்த வண்டிக்கான டிக்கெட் என்று பார்த்து எடுக்கணும். சாதாரணப் பயணிகள் ரயில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு சூப்பர்ஃபாஸ்டில் ஏறினால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

* பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும். பணத்தை இரண்டு இடமாகப் பிரித்து வைக்கணும். செல்போனும் மொத்தப் பணமும் ஒரே பையில் வேண்டாம்.

* இந்த முழுச் சுற்றுக்கும் பஸ், ரயில் கட்டணம் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆட்டோவும் அறை வாடகையும்தான் பெரிய செலவு. பட்ஜெட் போடும்போது அவற்றில் இருந்து ஆரம்பியுங்கள்.

தனி ஆளுக்கு ரூம் கிடைக்குமா?

தனியாக வருபவருக்கு அறை தரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் சில லாட்ஜ்களில் "சிங்கிளுக்கு ரூம் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். இரவு 8 மணிக்கு அந்தப் பதிலைக் கேட்பதைவிட, வீட்டில் இருந்தே கேட்டுவிடுவது மேல். ஆன்லைனில் புக் செய்தாலும் போனில் ஒருமுறை, "நான் மட்டும்தான் வர்றேன், இத்தனை மணிக்கு வருவேன்" என்று சொல்லி உறுதி செய்யுங்கள். ஆதார் போன்ற ஒரிஜினல் அடையாள அட்டை கட்டாயம். மாமல்லபுரத்திலும் திருவண்ணாமலையிலும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல்களும் இருக்கின்றன.

அறைக்குள் போனதும் உள்தாழ்ப்பாள், ஜன்னல், கழிவறைக் கதவு மூன்றையும் சோதித்த பிறகு பணம் கட்டுங்கள். சரியில்லை என்றால் வேறு அறை கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எந்த மாதம் சரி?

ஜனவரி முதல் மார்ச் முதல் பாதி வரை ஏற்ற காலம். ஏப்ரல், மே மாதங்களில் செஞ்சிப் பாறை கொதிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல் காலம்.

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மறுநாள் திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். விக்கிரவாண்டி பக்கம் பாலத்தில் வெள்ளம் உயர்ந்து ரயில்கள் நிறுத்தப்பட்டன. இந்தப் பயணத் திட்டத்தின் பெரும்பகுதி ஊர்கள் அந்த ஒரே புயலில் சிக்கியவை. எனவே மழைக் காலத்தில் வானிலை மையத்தின் எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. பயணத்தைத் தள்ளிப்போடுவது தோல்வி இல்லை.

அவசர உதவிக்கு

* காவல், ஆம்புலன்ஸ், தீயணைப்பு: 112
* பெண்கள் உதவி எண்: 181
* ரயில் பயணத்தில் புகார், உதவி: 139
* தமிழ்நாடு காவல் துறையின் 'காவல் உதவி' செயலியைக் கிளம்பும் முன்பே போனில் பதிவு செய்து வையுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

"பத்திரமா போயிட்டு வந்துடுவேன்" என்ற வாக்கு எந்த அம்மாவையும் சமாதானப்படுத்தாது. ஒரு தாள் சமாதானப்படுத்தும். நாள் வாரியாக ஊர், தங்கும் இடத்தின் பெயர், அதன் போன் நம்பர், போய்ச் சேரும் நேரம். அவ்வளவுதான். அதோடு ஒரு ஒப்பந்தமும் போட்டுக்கொள்ளுங்கள்: காலை கிளம்பும்போது ஒரு மெசேஜ், அறைக்கு வந்ததும் ஒரு போன். நடுவில் சிக்னல் இல்லாமல் போகலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், அரை மணி நேரம் போன் எடுக்காததே வீட்டில் பெரிய பதற்றமாகிவிடும்.

முதல் பயணத்தில் உண்மையில் பணயம் வைப்பது இதைத்தான். முதல் தடவையே இரவு பத்து மணிக்கு பஸ் இல்லாமல் நின்றால், "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற ஒரே வரியில் இரண்டாவது பயணம் முடிந்துவிடும். சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் இருந்தால், அடுத்த முறை கேள்விகள் குறையும்.

இந்த வழி புதுசு இல்லை

தனியாக வழி கேட்டுப் போவது இந்தக் கடற்கரைக்குப் பழக்கமானதுதான். ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பரிசு பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் சங்க நூல் சிறுபாணாற்றுப்படை. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த இடைக்கழிநாடு இன்றும் ஈசிஆரில் கடப்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது. நூலில் வரும் எயிற்பட்டினம்தான் மரக்காணம் என்றும், கிடங்கில் என்பது திண்டிவனத்தின் ஒரு பகுதி என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிக்கறிச் சோறு, ஆமூரில் நண்டோடு சோறு என்று எந்த ஊரில் என்ன சாப்பிடலாம் என்பதுவரை அந்த நூல் சொல்கிறது. இந்த வேலூர் இன்றைய வேலூர் நகரம் அல்ல, இந்தக் கடலோரப் பகுதி ஊர். முன்பே போய் வந்தவர், அடுத்துப் போகிறவருக்கு வழி சொல்வதுதான் ஆற்றுப்படை.

4 நாள் முடிந்து வீடு திரும்பியதும், எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எந்த அறை சரியாக இருந்தது, எங்கே சாப்பாடு நன்றாக இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தெருவில் அடுத்து "தனியா போகலாமா?" என்று கேட்கும் தங்கைக்கோ தம்பிக்கோ அந்த நோட்டு போதும்.